தங்கச்சியாம்!

எங்கள் கல்லூரிப் பேருந்துக்கு இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் இருந்தது. பெயர் 'பதினாலாம் நம்பர்'. அதை நடத்துவது யார் என்று தெரியாமல் இரண்டு வருடமாகப் பேருந்தே மண்டையை உடைத்துக்கொண்டது. நான்தான் அது. மைதிலி, பி.காம். மூன்றாம் வருடம், ராசிபுரத்தில் ஏறுவேன், டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட். அப்பா விசைத்தறி போட்டிருக்கிறார். வீட்டில் தறிச் சத்தத்துக்கு மேல் கத்தினால்தான் 'சோறு போடு' என்பதே காதில் விழும். அதனாலோ என்னவோ, வெளியே வந்துவிட்டால் எனக்கு வாய் நிற்காது. அந்த வாய்க்குப் போன் ஒன்று கிடைத்தது. அப்புறம் கேட்க வேண்டுமா?

விஷயம் தெரிந்தவள் என் பக்கத்து சீட் சரிதா மட்டும்தான். அவள் வாயைத் திறக்க மாட்டாள். பாதி யோசனைகள் அவளுடையவை.

ஆரம்பத்தில் யாருக்கும் வலிக்காத சமாச்சாரங்களைத்தான் போட்டேன். டிரைவர் அர்த்தநாரி அண்ணன் பேளுக்குறிச்சி சந்தை நாளில் விடாமல் அடிக்கிற ஹாரன். ஜன்னல் கம்பியில் தலையை இடித்து இடித்துத் தூங்கும் புள்ளியியல் மேடம். முப்பது பேர் பார்ப்பார்கள், சிரிப்பார்கள், மறந்துபோவார்கள். பக்கம் வளர வளரப் பேருந்து மாற ஆரம்பித்தது. காலை ஏழே முக்காலுக்குக் கூட்டமாக ஏறி இறங்கும் பேருந்தில் பெண்கள் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு வந்தார்கள். பையன்கள் வெயில் படும் பக்கத்து ஜன்னலுக்கு அடித்துக்கொண்டார்கள், அங்கே முகம் நன்றாக விழுமாம். அன்பரசு என்று ஒருவன், நிஜமாகத் தூங்கினால் வாய் பிளந்துகொள்ளும் என்பதால், கண்ணை மூடி அழகாகத் தூங்குகிற மாதிரி நடித்தே நாமக்கல் வரை வருவான். இதையெல்லாம் பார்க்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஐம்பத்தாறு பேர் என் கைபேசிக்காக உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் சும்மாவா?

அப்புறம் ஒரு மழைநாளில் ஒரே குடையில் இறங்கிப் போன இரண்டு பேரைப் போட்டேன். நாலாயிரம் பேர் பார்த்தார்கள். அந்த இரண்டு பேரும் உண்மையிலேயே காதலிப்பவர்கள். பக்கத்துக்கு நன்றி சொல்லிச் செய்தி வேறு அனுப்பினார்கள். அந்த நன்றிதான் என்னைக் கெடுத்தது. அதிலிருந்து பேருந்தில் யார் யாரைப் பார்க்கிறார்கள், யார் யாருக்கு இடம் பிடிக்கிறார்கள் என்பதே என் பிழைப்பாகிப் போனது.

காளப்பநாயக்கன்பட்டிக்கு அடுத்த நிறுத்தத்தில் ஜெகதீஸ்வரனும் சத்யபிரியாவும் ஏறுவார்கள். அவன் கணினி அறிவியல், அவள் கணிதம், இருவரும் எங்கள் வருடம். அன்றைக்கு அவள் ஓடி வந்து கடைசியாக ஏறினாள். அவன் பையை வைத்துப் பிடித்திருந்த இடத்தில் உட்கார்ந்ததும், அவள் தலையில் ஒட்டியிருந்த புளிய இலையை அவன் எடுத்துப் போட்டான். அவள் ஏதோ சொன்னாள், இருவரும் சிரித்தார்கள். ஒன்பது நொடி. பின்னால் ஒரு காதல் பாட்டைச் சேர்த்து, நாலு சிவப்பு இதயத்தைப் பறக்கவிட்டு, 'பதினாலாம் நம்பரின் லவ் பேர்ட்ஸ்' என்று எழுதிப் போட்டேன்.

சாயங்காலத்துக்குள் பதினோராயிரம் பேர். என் வாழ்க்கையில் அவ்வளவு பேர் நான் சொன்ன எதையும் கேட்டதில்லை. 'எப்பக் கல்யாணம்', 'சீர் எவ்வளவு', 'எங்களுக்கும் பத்திரிகை வைங்க' என்று கீழே குவிந்தது. ராத்திரிச் சாப்பாட்டின்போது ஜெகதீஸ்வரனிடமிருந்து பக்கத்துக்கு ஒரு செய்தி வந்தது.

'நீங்க யாருன்னு தெரியலைங்க. அவ எனக்குத் தங்கச்சி. ஒரே கூட்டம், பங்காளி ஊடு. எங்கண்ணன் கல்யாணத்துக்கு இணைச்சீருக்கு நிக்கப் போறதே அவதானுங்க. தயவுசெஞ்சு அதை எடுத்துருங்க.'

ஒரே கூட்டம் என்றால் ஒரே குலம், ஒரே குலதெய்வக் கோவில். அதில் பிறந்தவர்கள் எத்தனை தலைமுறை தள்ளி இருந்தாலும் அண்ணன் தங்கைதான். அந்த ஊர்ப் பக்கம் பாலுக்கு அழுகிற குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. எங்களுக்குள்ளும் பங்காளி உண்டு. எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பொய். தெரியும், ஆனால் அந்த நேரத்தில் அது என் மூளையில் ஏறவில்லை. மாட்டிக்கொண்ட எல்லாரும் முதலில் 'தங்கச்சி' என்றுதானே சொல்வார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பதினோராயிரத்தை எடுத்துவிடு என்று ஒருவன் கேட்பதில் கோபமும் வந்தது.

அந்தச் செய்தியைப் படம் பிடித்து, மேலே 'தங்கச்சியாம்!' என்று எழுதி, விழுந்து விழுந்து சிரிக்கிற முகம் மூன்றைச் சேர்த்து ஸ்டோரியில் போட்டேன். வீடியோ போட்டது அவசரம் என்று யாரிடமாவது சொல்லித் தப்பிக்கலாம். இதற்கு என்ன சொல்ல? இது நான் நிதானமாக, தோசை தின்றுகொண்டே செய்தது.

மறுநாள் அவர்கள் ஏறியதும் பின் சீட்டிலிருந்து ஒரு குரல், "தங்கச்சீ..." என்று இழுத்தது. பேருந்தே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் மாட்டிக்கொள்வேனே. சத்யபிரியா காதுவரை சிவந்து, காலியாக இருந்த முன் சீட்டில் தனியாக உட்கார்ந்தாள். ஜெகதீஸ்வரன் பின்னால் போகாமல் படிக்கட்டிலேயே நின்று வந்தான். அடுத்த நாள் அவன் மட்டும் ஏறினான். அதற்கடுத்த நாளும்.

ஒரு வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. யாரும் சட்டம் போடாமலே பேருந்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று பிரிந்து உட்கார ஆரம்பித்தார்கள். நோட்டுக் கொடுப்பது, சந்தேகம் கேட்பது எல்லாம் நின்றது. அடுத்த வீடியோவில் தான் இருந்துவிடக் கூடாது என்று ஒவ்வொருவருக்கும் பயம். வார்டன் விசிலடித்தும் நடக்காத காரியத்தை ஒரு கைபேசி சத்தமில்லாமல் செய்துவிட்டது என்று அர்த்தநாரி அண்ணன் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். அன்றைக்கு முதல்முறையாகக் கைபேசியைப் பையிலிருந்து எடுக்காமலே நாமக்கல் வரை வந்தேன்.

எட்டாம் நாள் ஜெகதீஸ்வரனின் இரண்டாவது செய்தி வந்தது.

'எங்க பங்காளிக குரூப்புல, திருப்பூர்லருந்து துபாய் வரைக்கும், எல்லாரும் பாத்தாச்சுங்க. எங்கம்மா அவளை இணைச்சீருலருந்து எடுத்துட்டாங்க. அவளோட அப்பா காலேஜுக்கு அனுப்பறதை நிறுத்திட்டாரு. இதையும் ஸ்டோரில போட்டுக்கங்க.'

மூன்று தடவை படித்தேன். இணைச்சீர் என்பது அவர்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் செய்கிற சீர். கூறைப்புடவை வைத்த கூடையோடு அண்ணனுக்குப் பக்கத்தில் ஊரே பார்க்க நிற்பாள். சடங்கு நடத்தும் அருமைக்காரர் முறைப்படி எல்லாம் செய்வார். அவள் நிற்காமல் தாலி இல்லை. ஜெகதீஸ்வரன் வீட்டில் இரண்டும் பையன்கள். அதனால் சத்யபிரியாதான் அந்த வீட்டுக்கு மகள் மாதிரி. ஆறு மாதத்துக்கு முன்பே முடிவானது. இப்போது அவளை நீக்கினால், அந்த வீடியோவில் உண்மை இருக்கிறது என்று சொந்தக்காரர்களே முத்திரை குத்துகிற மாதிரி. அதற்கப்புறம் அவளைக் கல்லூரிக்கு எந்த அப்பா அனுப்புவார்?

வீடியோவை எடுத்தேன். எடுத்து என்ன? அதற்குள் வேறு நாலு பக்கங்களில் ஓடிக்கொண்டிருந்தது, எனக்குப் பிடித்த அதே பாட்டோடு. சரிதா, "விடுடி, நாலு நாள்ல மறந்துருவாங்க" என்றாள். அவளை அறையலாம் போல இருந்தது. அவள் சொன்னது நான் வழக்கமாகச் சொல்வதுதான்.

மறுநாள் கல்லூரி கேன்டீன் வாசலில் ஜெகதீஸ்வரனை நிறுத்தினேன். சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு.

"அந்தப் பக்கம் நான்தானுங்க நடத்தறேன்."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். அடிப்பானோ என்றுகூட நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்களா? போன வாரம் அவ ஏன் வரலைன்னு எங்கிட்டயே கேட்டீங்களே?"

கேட்டிருந்தேன். விவரம் தெரிந்தால் இன்னொன்று போடலாம் என்று கேட்டிருந்தேன். அதைச் சொல்லவில்லை.

"என்ன பண்ணோணும் சொல்லுங்க, பண்றேன்" என்றேன்.

"எங்கூட்டுக்கு வந்து எங்கம்மாகிட்டச் சொல்லுங்க. அவ்வளவுதானுங்க."

ஞாயிற்றுக்கிழமை போனேன். தோட்டத்துக்குள் வீடு, அதை ஒட்டிக் கோழிப்பண்ணை. கேட்டிலேயே நிறுத்தி, மருந்து கலந்த சிவப்புத் தண்ணீர்த் தொட்டியில் காலை நனைத்துக்கொண்டு வரச் சொன்னான். வெளியாட்கள் காலில் நோயைக் கொண்டுவந்துவிடுவார்களாம். இரண்டு தடவை நனைத்தேன்.

அவன் அம்மா சௌந்திரம் கூடத்தில் உட்கார்ந்து பத்திரிகைகளின் ஓரத்தில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்பது நொடி, பாட்டு, 'தங்கச்சியாம்', பேருந்தில் நானும் சேர்ந்து சிரித்தது வரைக்கும். அவர் மஞ்சள் தடவுவதை நிறுத்தவில்லை.

"உக்காருங்க சாமி. நாங்க அதை நம்பினம்னா நெனைக்கறீங்க? இவன் அவளுக்குப் பென்சில் சீவிக் குடுத்து வளந்தவன். ஆனா மண்டபத்துல ஐநூறு பேரு போனைத் தூக்கிப் புடிச்சுட்டு நிப்பாங்க. அவ கூடையோட நிக்கறப்ப, பின்னால ஒரு பையன் 'தங்கச்சீ'ன்னு கத்துனாப் போதுமுங்க. எம்பையன் ஆனந்தகுமார் கல்யாணம் அதோட போச்சு. அப்பறம் சத்யபிரியா மொகத்தை நான் எப்படிப் பாக்கறது?"

அவரிடம் சண்டை போடலாம் என்று தயார் செய்துகொண்டு போன ஒரு வார்த்தையும் பயன்படவில்லை. அவர் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது? அந்தக் கத்தலை ஆரம்பித்து வைத்தவளே அவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது சத்யபிரியா பின்கட்டு வழியாக வந்தாள். இரண்டு தோட்டம் தள்ளித்தான் அவள் வீடு. கூடவே அவள் அப்பா தனபாலும் வந்து கதவோரம் நின்றுகொண்டார்.

"பெரிம்மா, நான் ஒண்ணு சொல்றனுங்க" என்றாள். "இவங்க போட்டதுக்கு நான் ஒரு நாள் அழுதேன். நீங்க என்னைய எடுத்ததுக்கு எட்டு நாளா அழுவறேன். யாரோ கத்துவாங்கன்னு நீங்க என்னைய ஒளிச்சு வெச்சீங்கன்னா, நான் எந்நாளும் ஒளிஞ்சுட்டுத்தான் இருக்கோணும். நான் நிப்பேனுங்க. கத்தறவங்க கத்தட்டும்."

தனபால் தரையைப் பார்த்துக்கொண்டு, "அவ நின்னாள்னா, மறுநாளே காலேஜ் பஸ்ஸுல நானே ஏத்தி உடறனுங்க அண்ணி. நிக்கலைன்னா, எனக்கு என்ன பண்றதுன்னு தெரியலீங்க" என்றார்.

நான் எழுந்து சத்யபிரியாவிடம் போனேன். மன்னிப்பு என்று வாயைத் திறப்பதற்குள் அவள் கையைக் காட்டித் தடுத்தாள்.

"வேண்டாமுங்க. நீங்க சாரின்னு சொன்னா, நான் பரவால்லைன்னு சொல்லோணும். அதை என்னால சொல்ல முடியாது."

நியாயம்தான். உட்கார்ந்துவிட்டேன்.

கடைசியில் ஜெகதீஸ்வரன், "அம்மா, அவளே நிக்கட்டும். ஒருத்தரும் கத்தாம நான் பாத்துக்கறனுங்கம்மா" என்றான்.

"எப்படியடா பாத்துக்குவ?"

"பாத்துக்கறனுங்கம்மா. உடுங்க."

"செரி, அவளே நிக்கட்டும்" என்றார் சௌந்திரம். அப்புறம் ஒரு பத்திரிகையை எடுத்து, மஞ்சள் தடவி, என் கையில் கொடுத்தார். "நீங்களும் வாங்க. வந்து பாருங்க" என்றார். அதில் கோபம் இருந்ததா, அன்பு இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பக்கத்தில் கடைசியாக ஒன்று போட்டேன். 'இதை நடத்தியது ராசிபுரம் மைதிலி. அவர்கள் அண்ணன் தங்கை. நான் சொன்னது பொய்.' இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள். பொய்க்குப் பதினோராயிரம், உண்மைக்கு இருநூற்றுச் சொச்சம். இரண்டு நாள் விட்டுவிட்டுப் பக்கத்தையே அழித்தேன். பேருந்தில் பாதிப் பேர் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். அன்பரசு மட்டும் வந்து, "அழிக்கறதுக்கு முன்னால பாஸ்வேர்டைக் குடுத்திருக்கலாமுங்க, நல்ல பேரு" என்று வருத்தப்பட்டான்.

ஆவணி முகூர்த்தம். சேந்தமங்கலம் சாலையில் மண்டபம். சரிதாவை இழுத்துக்கொண்டு விடிந்ததும் போய்விட்டேன். எங்கள் பேருந்துப் பையன்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள், பின் வரிசையில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு. நான் அவர்களுக்கு நேர் எதிரில், அவர்கள் முகம் தெரிகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். எவனாவது வாயைத் திறந்தால் பாய்ந்து பொத்துவது என்று முடிவு. கல்யாண வீட்டில் ஒரு பெண் இப்படி மேடைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒரு கிழவர், "மேடை அந்தப் பக்கமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இணைச்சீருக்குக் கூப்பிட்டார்கள். சத்யபிரியா மாம்பழ நிறப் பட்டில், கூடையோடு வந்து ஆனந்தகுமாருக்குப் பக்கத்தில் நின்றாள். போன்கள் ஒரே நேரத்தில் உயர்ந்தன. பின் வரிசையில் ஒருவன் பக்கத்தில் இருந்தவன் காதில் ஏதோ சொன்னான், நான் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்துவிட்டேன். அவர்கள் யாரையோ தேடுகிற மாதிரி மேடையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தார்கள். தேடியது கிடைக்கவில்லை போலிருக்கிறது, சுவாரஸ்யம் போய்ப் போனைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார்கள். அருமைக்காரர் சீரை நடத்தி முடித்தார். ஒருவரும் கத்தவில்லை. சத்யபிரியா கடைசிவரை நிமிர்ந்தே நின்றாள். தனபால் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அடக்க முடியவில்லை. சரிதாவின் தோளில் சாய்ந்து அழுதேன். தப்பித்தோம், எல்லாம் சரியாகிவிட்டது, நாளைக்கு அவள் பேருந்தில் ஏறுவாள் என்று.

தாலி கட்டி முடிந்ததும் போட்டோகிராபர் மாப்பிள்ளை வீட்டாரை மேடைக்கு அழைத்தார். பெற்றவர்கள், சித்தப்பாக்கள், அத்தைகள், சத்யபிரியா எல்லாரும் ஏறினார்கள்.

"மாப்பிள்ளையோட தம்பி எங்கீங்க? தம்பியக் கூப்பிடுங்க!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையிலிருந்து ஜெகதீஸ்வரனை மேடைப் பக்கமே பார்க்கவில்லை. சௌந்திரம் அம்மா யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றார். நான் எழுந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடினேன்.

கூடத்தில் ஜெகதீஸ்வரன் வேட்டியை மடித்துக் கட்டி, சாம்பார் வாளியோடு பரிமாறிக்கொண்டிருந்தான். புதுச் சட்டையில் மஞ்சளாகத் தெறித்திருந்தது.

"போட்டோவுக்குக் கூப்படறாங்க, வாங்க" என்றேன்.

"தெரியுமுங்க. நான் இல்லாம எடுத்துக்கச் சொல்லி அம்மாகிட்ட நேத்தே சொல்லிட்டேன்."

"ஏனுங்க? ஒருத்தருமே கத்தலையே. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே."

"நான் அங்க நிக்காததாலதானுங்க முடிஞ்சுது" என்றான். இலையில் உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு கரண்டி ஊற்றிவிட்டுத் திரும்பினான். "இனிமே அவ இருக்கற எடத்துல நான் நிக்க மாட்டனுங்க. பஸ்ஸுலயும் தான், கோயில்லயும் தான். நாளையிலருந்து டவுன் பஸ்ஸுல போயிக்கறேன். அவ படிச்சு முடிக்கட்டும்."

"இது போட்டோதானே? உங்கண்ணன் கல்யாணம். இருபது பேரு நிக்கறாங்க, நீங்க ஒரு மூலையில நின்னா யாருக்கு என்ன தெரியப் போகுது?"

அவன் வாளியைக் கீழே வைத்தான். கோபமே இல்லை அவன் முகத்தில். வேலை தெரிந்த ஆளிடம் விவரம் கேட்கிற மாதிரிதான் கேட்டான்.

"நடுவுல இருக்கறவங்களை எல்லாம் வெட்டிட்டு, எங்க ரெண்டு பேரை மட்டும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் போடறதுக்கு எவ்வளவு நேரமுங்க ஆகும்?"

பொய் சொல்லியிருக்கலாம். அவனிடம் இன்னொரு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அரை நிமிசமுங்க" என்றேன்.

அவன் தலையை ஆட்டிக்கொண்டு, வாளியை எடுத்து அடுத்த இலைக்குப் போனான். மேடையில் அவன் இல்லாமலே படம் எடுத்து முடித்தார்கள்.